நெல்லைச் சீமையின் கிறிஸ்தவ வாலிபர்களுக்கு: புது அனுபவங்களில் இறங்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு இருபது வயது வரை பொழுது போகாது என்ற பேச்சே கிடையாது. ஓய்வுநாள் பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, வசனப் போட்டி, திடப்படுத்தல் வகுப்பு, கேரல் ரவுண்ட்ஸ், அசனம் (சபையார் கூடி உண்ணும் விருந்து) என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரி முடிந்ததும் எல்லாம் சட்டென்று சுருங்கிவிடுகிறது. வேலை, இல்லையென்றால் வேலைக்கான கோச்சிங் கிளாஸ். ஞாயிறு காலை ஆராதனை. மீதி நேரம் போன். வாலிபர் ஐக்கியத்தில் என்னிடம் பேச வரும் தம்பி தங்கச்சிமார் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்: "எக்கா, ஒரே மாதிரி போகுது. புதுசா ஏதாவது செய்யணும்போல இருக்கு. ஆனா எது சரின்னு தெரியல."

அவர்களுக்கு அவ்வப்போது சொல்லி வருவதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். என் எண்ணம் இதுதான்: விசுவாசமுள்ள பிள்ளைகள் தைரியமாகப் புதிய காரியங்களில் இறங்கலாம், இறங்கவும் வேண்டும். ஆனால் அதை வீட்டுக்கும் சபைக்கும் ஒளித்துச் செய்யும் நிலை வரக்கூடாது. ஒளிக்காமல் எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: எது தடுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

புதிதாக ஒன்றைச் செய்ய நினைத்ததும் மனசுக்குள் ஒரு தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தில் வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கும். தெரியாத இடத்தைப் பற்றிய பயம் ஒன்று. "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்ற யோசனை இன்னொன்று. உண்மையிலேயே மனசாட்சி உறுத்துவது மற்றொன்று. மூன்றையும் சேர்த்து "இது நமக்கு வேண்டாம், பாவம்" என்று மூட்டை கட்டிவிடுகிறோம். பிரித்துப் பாருங்கள். பயம் என்றால் துணைக்கு ஆள் இருந்தால் தீரும். நாலு பேர் பேச்சு என்றால் அந்த நாலு பேரில் உங்கள் மேல் அக்கறை உள்ளவர் யார் என்று பார்த்து, அவரிடம் மட்டும் விளக்கினால் போதும். மனசாட்சி உறுத்துகிறது என்றால் நின்றுவிடுங்கள். அதை யாரும் உங்களுக்காகத் தள்ளிவிட முடியாது.

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:21 சொல்கிறது. நம் வீடுகளில் இந்த வசனத்தின் பின்பாதியைத்தான் அதிகம் கேட்டிருப்போம். முன்பாதியும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

நம் மண்ணிலேயே இதற்கு ஆள் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி. எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ. ஊழியராக 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆட்களையே ஊழியத்துக்கு அனுப்புவதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியவர் அடுத்த வருஷமே, 1903-இல், திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னால் நின்றார். பிறகு தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்னக்கல்லுக்குத் தானே ஊழியராகப் போனார். 1912-இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார். ஒரு பயணத்தில் கண்ணால் பார்த்தது ஒரு சங்கமாகி, ஒரு ஆயுசின் வேலையாகியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி நடக்க வேண்டும் என்றில்லை. பார்க்கப் போனால்தான் நடக்கும், அவ்வளவுதான்.

படி 2: ஒரு தாளில் எழுதி, ஒன்றை மட்டும் எடுங்கள்

போனில் வேண்டாம், தாளில் எழுதுங்கள். செய்ய ஆசைப்படும் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ஒவ்வொன்றிடமும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். இதை அம்மாவிடம் எங்கே, யாரோடு, எப்போது என்று முழுசாகச் சொல்ல முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருக்கும் அதே ஆளாக அங்கேயும் இருக்க முடியுமா? கடன் வாங்காமல் முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வட்டம் போடுங்கள்.

வட்டம் போட்டதில் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் உள்ளதை முதலில் எடுங்கள். லடாக் பைக் பயணம் எழுதியிருந்தால் இருக்கட்டும், அதற்கும் நாள் வரும்.

படி 3: வீட்டில் பேசுவது

இதுதான் பெரிய படி, அதுவும் பெண் பிள்ளைகளுக்கு. பையன் "வெளியே போயிட்டு வாறேன்" என்றால் முடிந்தது. மகள் சொன்னால் எங்கே, எதற்கு, யாரோடு, எத்தனை மணிக்கு என்று கேள்வி அடுக்கிக்கொண்டு வரும். இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். மாற வேண்டும் என்று வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் எல்லாம் பேசுகிறேன். ஆனால் அது மாறும் வரை நீங்கள் காத்திருக்க முடியாது. அதனால் நடைமுறையில் எது பலிக்கிறது என்று சொல்கிறேன்.

முடிவெடுத்துவிட்டுத் தகவலாகச் சொல்லாதீர்கள். அதற்காக "போகட்டுமா, வேண்டாமா" என்று கெஞ்சவும் வேண்டாம். திட்டமாகச் சொல்லுங்கள்: "வர்ற சனிக்கிழமை கூந்தன்குளம் பறவை பார்க்கப் போறோம். ஆறு பேர். சபையில இருந்து இந்த அக்காவும் வாறாங்க. வேன்ல போறோம், அஞ்சு மணிக்கெல்லாம் வீட்ல இருப்பேன்." கூட வருகிறவர்களில் ஒருவருடைய நம்பரை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுங்கள். முதலில் அம்மா, அப்புறம் அப்பா. பல வீடுகளில் இந்த வரிசையில்தான் காரியம் நடக்கிறது.

அப்படியும் முடியவில்லையா? சபையில் உங்கள் வீட்டார் மதிக்கிற ஒரு பெரியவரை அழைத்து வாருங்கள். ஓய்வுநாள் பள்ளி டீச்சரோ, ஐயரம்மாவோ (போதகரின் மனைவி), பெண்கள் ஐக்கியத்தில் ஒரு பெரியம்மாவோ யாராவது ஒருவர் இருப்பார். அவர் வந்து ஒரு டம்ளர் காப்பி குடித்துக்கொண்டே "நான் பார்த்துக்கிடுதேன், அனுப்பி வைங்க" என்று சொன்னால் எத்தனையோ கதவு திறந்திருக்கிறது. அதற்குப் பிறகு சொன்ன நேரத்துக்கு வீடு திரும்புவது உங்கள் பொறுப்பு. முதல் முறை ஒரு மணி நேரம் தாமதமானால் இரண்டாவது முறை கேட்பது பத்து மடங்கு கஷ்டம்.

படி 4: சபைக்குள்ளேயே செய்யாததைச் செய்யுங்கள்

கொயரில் பாடுகிறவருக்கு கொயர் புது அனுபவம் ஆகாது. நீங்கள் இதுவரை எட்டிப் பார்க்காத பக்கம் எது?

அசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பீர்கள். முந்தின ராத்திரி காய் வெட்டுகிற இடத்தில் இருந்திருக்கிறீர்களா? இந்த வருஷம் அரிவாள்மணையோடு போய் உட்காருங்கள். மூட்டை மூட்டையாக வெங்காயம் உரியும். கண்ணில் தண்ணீர் வழிய வழிய பெரியம்மாமார் பழைய கதை சொல்வார்கள்: எந்த வருஷம் மழையில் அடுப்பு அணைந்தது, எந்த ஐயர் (போதகர்) காலத்தில் கோபுரம் எழும்பியது, யார் வீட்டுச் சண்டை யாரால் தீர்ந்தது. சபை வரலாறு எந்தப் புத்தகத்திலும் இப்படிக் கிடைக்காது. விடியக்காலம் அண்டாவில் அரிசி போடும் நேரத்தில், யாருக்கு என்ன படிப்பு, யார் என்ன வேலை என்ற கணக்கெல்லாம் போய்விடும். கரண்டி பிடிக்கத் தெரிந்தவர் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டியதுதான்.

இன்னொன்று, வேறு சபையின் ஆராதனைக்கு ஒரு தடவை போய் வருவது. பாமாலையும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிள்ளைகள் உவரி அந்தோணியார் கோயிலுக்கோ, பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகை இருக்கும் மணப்பாட்டுக்கோ போகலாம். மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 14-இல் வரும். கூட்டம் அதிகம், சாதாரண ஞாயிறு இன்னும் நல்லது. கத்தோலிக்கப் பிள்ளைகள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக்கு வரலாம். ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826-இல் எழுந்த ஆலயம் அது. ஒரு நடைமுறைக் குறிப்பு: கத்தோலிக்கத் திருப்பலியில் மற்ற சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கொடுப்பதில்லை. வரிசையில் நிற்காமல் இருந்த இடத்திலேயே ஜெபித்திருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 5: இன்னொருவருக்குக் கை கொடுங்கள்

என்னைக் கேட்டால் இந்த ஊர் வாலிபர்கள் கட்டாயம் செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பார்வையில்லாத மாணவருக்குப் பரீட்சை எழுதிக் கொடுப்பது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் மிஷனெரிப் பெண்கள் கைப்பட வளர்த்தவை. ஆன் ஆஸ்க்வித் அம்மாவும் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மாவும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த வேலையில் இறங்கியவர்கள். அந்த மதிலை ஒட்டி தினமும் போகிறோம், வருகிறோம். உள்ளே போனவர்கள் குறைவு.

கல்லூரியில் படிக்கும் பார்வையில்லாத மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். கல்லூரியில் அவர்களுடைய துறை ஆசிரியரிடம் உங்கள் பெயர், படிப்பு, வர முடிந்த நாட்கள் இவற்றைக் கொடுத்து வையுங்கள். பல தேர்வுகளில் எழுதிக் கொடுப்பவர், தேர்வு எழுதுகிறவரைவிடக் குறைந்த படிப்பு உள்ளவராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நீங்கள் எம்.எஸ்சி. முடித்திருந்தால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். அப்போது பாடப்புத்தகத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுங்கள், அதுவும் பெரிய உதவி.

பரீட்சை நாளில் அடையாள அட்டையும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். அந்த மாணவரை அதற்கு முன்பே ஒரு நாள் சந்தித்துப் பேசியிருந்தால் அவருடைய பேச்சு வேகம் உங்களுக்குப் பிடிபடும். கேள்வித்தாளை முழுக்க ஒரு தடவை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். மதிப்பெண்ணையும் சேர்த்து வாசியுங்கள், அதை வைத்துத்தான் அவர் நேரத்தைப் பங்கு போடுவார். ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாக உண்டு. அதாவது மூன்று மணி நேரப் பரீட்சை என்றால் நான்கு மணி நேரம். அவர் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும். தப்பாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் திருத்தக் கூடாது, முகக்குறிப்போ குரல்குறிப்போ கொடுக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். பதில் நாக்கு நுனியில் நிற்கும். கை அவர் சொன்ன தப்பை எழுதிக்கொண்டிருக்கும். ஒரு பதில் முடிந்ததும் கடைசி வரியை வாசித்துக் காட்டினால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். இன்னொருவரின் அறிவை அவருடையதாகவே மதித்து விலகி நிற்பது எப்படி என்று அந்த நான்கு மணி நேரத்தில் படிக்கிற மாதிரி எந்த முகாமிலும் படிக்க முடியாது.

காது கேளாதவர்களோடு சைகை மொழியில் நாலு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்வதும் இதே போலத்தான். உங்கள் சபைக்கே காது கேளாத குடும்பம் ஒன்று வந்துகொண்டிருக்கலாம். அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.

ரத்த தானம் சுருக்கமாக: 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். ஒரு முறை கொடுத்த பிறகு ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் இடைவெளி விட வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

படி 6: வெளியே இறங்குங்கள்

முதல் வெளிப் பயணத்துக்கு நான் சொல்வது நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளம். செலவு குறைவு, ஆபத்து இல்லை, வீட்டில் அனுமதியும் எளிதாகக் கிடைக்கும். குளத்தில் தண்ணீர் இருக்கும் வருஷத்தில், டிசம்பர், ஜனவரியிலிருந்து பறவை வரத்து நன்றாக இருக்கும். பூநாரையும், இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி காக்கிறார்கள். பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே போய் சத்தமாக ஸ்பீக்கரில் பாட்டுப் போடாதீர்கள், கிறிஸ்தவப் பாட்டாக இருந்தாலும்.

மலைப்பக்கம் என்றால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவித்தது. மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். மாஞ்சோலைக்கு முன் அனுமதி தேவை, அருவியை மழை நேரத்தில் மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துவிட்டுப் போங்கள். "குறுக்கு வழி தெரியும்" என்று சொல்லும் ஆள் பின்னால் போகாதீர்கள். தாமிரபரணியிலும் அப்படித்தான். மேலே பார்க்க அமைதியாக ஓடும், அடியில் கசம் (ஆழமான பள்ளம்) இருக்கும். உள்ளூர்க்காரர் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஒவ்வொரு வருஷமும் எத்தனை வீட்டுப் பிள்ளைகளை ஆற்றில் இழக்கிறோம் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு அனுபவம், நம் தாத்தாக்கள் பலருக்கு அது அன்றாட வேலை. பனங்காட்டுக்குப் போங்கள். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பதனீர் காலத்தில், பொழுது விடியும் முன் ஒரு பனையேறியோடு நடங்கள். முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது. காலில் தளைநார் மாட்டி அவர் ஏறுவதையும், பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தை மாற்றிக் கட்டுவதையும் பாருங்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். பதனீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பது அதனால்தான். இறக்கிய பதனீரை வடிகட்டிப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். அது பொங்கி, சுருங்கி, பாகாகி, நிறம் கருக்கும் வரை அடுப்படியில் ஒரு பெண் நின்று கிண்டிக்கொண்டே இருப்பார். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. கிண்டும் அகப்பையை ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பிடித்துப் பாருங்கள். கை வலி என்றால் என்ன என்று தெரியும். நம் ஊர்ப் பழைய கோயில்களின் கட்டடத்தில் யாருடைய காணிக்கை சேர்ந்திருக்கிறது என்பதும் புரியும். வரும்போது கருப்பட்டியை அங்கேயே, பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படி 7: மற்ற மதத்து நண்பர்களின் வீட்டுக்குப் போவது

மேலப்பாளையத்து நண்பன் பெருநாளுக்குக் கூப்பிட்டால் போங்கள். டவுணில் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு அலுவலகத் தோழி கூப்பிடுகிறாள் என்றால் ரத வீதியில் நின்று பார்க்கலாம், வெயிலில் வடம் இழுத்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கலாம். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டு முறுக்கும் கேக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகிறதே.

படைத்ததைச் சாப்பிடலாமா, விபூதி கொடுத்தால் என்ன செய்ய என்று கேட்பார்கள். நம் சபைகளிலேயே இதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம் இல்லை. 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் உட்கார்ந்து வாசித்து, நீங்களே முடிவுக்கு வாருங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: எதை ஏற்க மாட்டீர்களோ அதை நண்பரிடம் முந்தின நாளே தனியாக, அன்பாகச் சொல்லிவிடுங்கள். "இது மட்டும் எனக்கு முடியாதுலே, மத்தபடி முழு நாளும் உன் கூடத்தான்" என்றால் எந்த நண்பனும் கோபித்துக்கொள்ள மாட்டான். பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையைத் தள்ளிவைத்தால் அவன் அம்மாவுக்கு வலிக்கும்.

படி 8: தூரம் போவது

சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள், மிஷன் பணித்தளத்தைப் பார்க்க வடக்கே போகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே சொல்: போய் இறங்கும் முதல் ஞாயிறே ஒரு சபைக்குப் போய்விடுங்கள். முதல் வாரம் அலுப்பு, இரண்டாம் வாரம் துணி துவைக்க வேண்டும் என்று தள்ளிப்போனால், மூன்றாம் வாரம் போகவே தோன்றாது. கிளம்பும் முன் சேகர குருவிடம் (உங்கள் சபைப் போதகர்) ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தெரியாத ஊரில் அது பல உதவிக்கு வழி செய்யும். பெண் பிள்ளைகள் 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி எண்) இரண்டு எண்களையும் போனில் வைத்திருங்கள்.

அங்கே "ஒரு நாள்தானே, ஒரு கிளாஸ்தானே" என்று ஒரு கூட்டம் கூப்பிடும். படி 2-இல் கேட்ட முதல் கேள்வி அங்கே உதவும். அம்மாவிடம் முழுசாகச் சொல்ல முடியாது என்றால், "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை போதும். நீண்ட விளக்கம் கொடுத்தால் வாதமாகும். அடுத்த முறை கூப்பிடாமல் விட்டால் விடட்டும். டீ குடிக்கக் கூப்பிடுகிற ஆட்கள் அதே அலுவலகத்தில் இருப்பார்கள், தேடினால் கிடைப்பார்கள்.

படி 9: பிடிக்கவில்லை என்றால்

முதல் தடவையில் எதுவும் பிடிபடாது. பறவை பார்க்கப் போன இடத்தில் வெயில்தான் ஞாபகம் இருக்கும், அசனத்தில் முதுகு வலிதான் மிஞ்சும். இன்னொரு தடவை போங்கள். அப்போதும் மனசு ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், அதில் தப்பே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். பொறுப்பாக இருப்பவரிடம் நேரில் போய், "எனக்கு இது சரிப்படலை" என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு: பார்வையில்லாத மாணவர் ஒருவர் உங்களை நம்பி ஹால் டிக்கெட்டோடு காத்திருந்தால், அந்தப் பரீட்சைகளை முழுக்க முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் விலக வேண்டும். விலகும்போது உங்கள் இடத்துக்கு இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவிட்டு வாருங்கள்.